தாய்-சேய் நலப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி: உருப்படியாக எப்படி நடத்துவது?

மலையடிவார சிஸ்டர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு மாவட்டம் ஒன்றில் பகுதி சுகாதார செவிலியராக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் தாய்-சேய் நலப் பணியாளர்களுக்கு "தலைமைத்துவமும் குழுப்பணியும்" என்ற பெயரில் இரண்டு நாள் பயிற்சி வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, ஏற்பாடு முழுக்க என் தலையில். கிராம சுகாதார செவிலியர்கள், ஆரம்ப சுகாதார நிலைய ஸ்டாஃப் நர்சுகள், அங்கன்வாடி பணியாளர்கள், அவர்களுடைய மேற்பார்வையாளர்கள் என்று நாற்பது பேர் வரை வருவார்கள். சாப்பாடு, டீ, நோட்டு, பேனா போக கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

பக்கத்து வட்டாரத்தில் இதே மாதிரி ஒன்று நடந்தபோது வெளியிலிருந்து தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். பலூன் ஊதவிட்டார், கண்ணைக் கட்டி நடக்கவிட்டார், கடைசியில் எல்லோரும் கைகோத்து நின்று போட்டோ. போனவர்கள் நன்றாகச் சிரித்துவிட்டு வந்தார்கள், அதோடு சரி. அந்த மாதிரி வேண்டாம் என்பதில் தெளிவாக இருக்கிறேன், ஆனால் அதற்குப் பதில் என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

எங்கள் ஊர்ச் சிக்கல் எப்படிப்பட்டது என்று ஒன்று சொல்கிறேன். ஏழாவது மாதத்தில் ஹீமோகுளோபின் 7.8 மட்டுமே இருக்கிற, ரத்தசோகை உள்ள ஒரு தாய். கிராம செவிலியர் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் சத்துமாவு வாங்க வருவதையே நிறுத்திவிட்டாள் என்பது அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். ஸ்டாஃப் நர்சுக்கோ அவள் இடுப்புவலியோடு வந்து நிற்கும்போதுதான் எல்லாமே தெரிகிறது. இதில் யாரும் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, அவரவர் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று பேரும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் இன்னொரு சந்தேகம். டாக்டர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா? அவர்கள் உட்கார்ந்தால் நர்சுகள் வாயைத் திறக்கமாட்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால், "இதையெல்லாம் எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவங்களுக்கில்ல சொல்லணும்" என்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய சி.எச்.என். (ஓய்வு)

சிஸ்டர், முதலில் தேதி. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக், புதன்கிழமை தடுப்பூசி. இந்த இரண்டு நாளையும் தொடாதீர்கள். வியாழன், வெள்ளி வையுங்கள். தொட்டால் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள், மீதிப் பேர் உட்கார்ந்துகொண்டு போனிலேயே தடுப்பூசி லிஸ்ட் சரிபார்ப்பார்கள். சிரிக்காதீர்கள், பயிற்சி வைக்கும் பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

அடுத்து விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிராம செவிலியர் என்றால் பிரசவம் பார்ப்பவர். பையில் கத்தரிக்கோல், நூல், கையுறை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாசலில் மாட்டுவண்டியோ சைக்கிளோ வந்து நிற்கும். இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது, 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் வந்த எண். கிராம செவிலியரின் கையிலிருந்து பிரசவம் போய்விட்டது. அவரிடம் மிஞ்சியிருப்பது என்ன? கண்டுபிடிப்பது, பதிவது, பின்தொடர்வது, அப்புறம் ஆட்களைப் பேசிச் சம்மதிக்க வைப்பது. மாமியாரிடம் பேச வேண்டும், குடித்துவிட்டு வரும் புருஷனிடம் பேச வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்காகப் பஞ்சாயத்துத் தலைவரிடம், ஸ்கேனுக்காக மருத்துவமனையில், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம் இன்னும் ஏறவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம். கர்ப்பிணிகளுக்கான 18,000 ரூபாய் உதவித் திட்டம் அது, கம்ப்யூட்டரில் எங்கே சிக்கினாலும் ஊரில் பதில் சொல்கிறவர் நர்சம்மாதான். இத்தனையும் முழுக்க முழுக்கத் தலைமை வேலை, ஆனால் அவருக்குக் கொடுத்த பயிற்சி எல்லாம் ஊசி போடுவதற்கும் ஃபார்ம் நிரப்புவதற்கும்தான்.

அதனால் "தலைவராக வளர்வது எப்படி" என்று பாடம் எடுக்காதீர்கள், ஏற்கெனவே செய்கிற வேலைதான் அது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொருவரையும் அவரவர் ரிஜிஸ்டரோடு வரச் சொல்லுங்கள். அதில் ரொம்பவும் இழுத்தடிக்கிற ஒரு தாய், பேர் வேண்டாம், அந்தக் கேசை எடுத்து நாலு நாலு பேராக உட்கார்ந்து பேசட்டும். யாரிடம் பேசினால் இந்தக் கதவு திறக்கும்? அந்த ஆளிடம் யார் பேசுவது? எப்போது? ஒரு கேசுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

இன்னொன்று கசப்பானது. ரிவியூ மீட்டிங்கில் நாற்பது பேர் முன்னால் எழுப்பி நிற்கவைத்து "ஏன் உன் ஏரியாவில் மட்டும் குறைவு" என்று கேட்கிற வழக்கம் இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் ஒட்டாது. நான் ஒரு மீட்டிங்கில் பார்த்தேன், ஒரு செவிலியர் ரத்தசோகைத் தாய்மார் எண்ணிக்கையை உள்ளபடியே எழுதிக்கொண்டு வந்ததற்குத் திட்டு வாங்கினார். அடுத்த மாதத்திலிருந்து அவருடைய ஏரியாவில் எல்லோருக்கும் எச்.பி. (ஹீமோகுளோபின்) 11க்கு மேலேதான், ரத்தசோகை யாருக்குமே இல்லை. என்ன அதிசயமான ரத்தம்! இந்த இரண்டு நாளில் மேற்பார்வையாளர்களுக்கென்று தனியாக ஒரு அமர்வு கட்டாயம் வையுங்கள். குறைந்த எண்ணைக் கொண்டுவந்தவரிடம் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது என்பது மட்டும் போதும், அதை நடித்தே காட்டச் சொல்லுங்கள்.


லேபர்வார்டு_நைட்டூட்டி

சீமாங்க் மையத்தில், அதாவது சிக்கலான பிரசவங்களை அனுப்பிவைக்கிற அவசர சிகிச்சை மையத்தில், ஸ்டாஃப் நர்ஸ். எனக்குத் தெரிந்தது லேபர் வார்டு மட்டும், அதைச் சொல்கிறேன்.

குழுப்பணி என்பதை வகுப்பறையில் நாற்காலி போட்டுச் சொல்லித்தர முடியாது. டிரில் நடத்துங்கள், அதாவது அவசர நிலையை நடித்துப் பார்க்கிற ஒத்திகை. பீகாரில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்த பிரான்டோ அமைப்பினர் இதைத்தான் செய்தார்கள், மெக்சிகோவில் ஆரம்பித்த முறை. பொம்மை கிடையாது, நர்ஸ் ஒருவரே தாயாக நடிப்பார், அதற்கென்று தைத்த ஒரு கால்சட்டை உண்டு, அதிலிருந்து குழந்தை பொம்மையும் "ரத்தமும்" வரும். நமக்கு அந்தக் கால்சட்டை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. யூரின் பேகில் சிவப்புக் கலர் கரைத்த தண்ணீர், நைட்டிக்கு அடியில் வைத்து குழாயைத் திறந்துவிட்டால் போதும். எங்கள் வார்டில் அப்படித்தான் செய்கிறோம்.

நிலைமை இதுதான்: பிரசவம் ஆகி பத்து நிமிடம், நஞ்சுக்கொடி விழுந்தாச்சு, ரத்தம் நிற்கவில்லை. டூட்டியில் இருப்பது ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு உதவியாளர், டாக்டர் குவார்ட்டர்ஸில். ஆரம்பியுங்கள் என்றதும் என்ன நடக்கும் தெரியுமா? எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க ஓடுவார்கள். கர்ப்பப்பையைப் பிடித்துத் தேய்க்க ஆள் இருக்காது, மணி என்ன என்று எழுத ஆள் இருக்காது, தாயின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்காது. "ஆக்ஸிடோசின் போடுங்க" என்று, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற மருந்தை, ஒருவர் காற்றில் சொல்வார். யாரிடம் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது, முடிந்தபின் கேட்டால் ஒருவர் "போட்டாச்சுன்னு நினைச்சேன்" என்பார்.

இரண்டாம் தடவை அதே டிரில், மூன்று விதியோடு. ஒன்று, ஆளைப் பார்த்துப் பேர் சொல்லிச் சொல்ல வேண்டும். இரண்டு, கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், செய்தபிறகு "ட்ரிப்பில் ஆக்ஸிடோசின் 20 யூனிட், ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்று, ஒருவர் எதையும் தொடாமல் தள்ளி நின்று மணியும் மருந்தும் எழுத வேண்டும். அந்த ஆள் உதவியாளராகக்கூட இருக்கலாம். அதே நாலு பேர்தான், ஆனால் வேறு குழு மாதிரி இருக்கும். முடிந்ததும் அங்கேயே நின்றபடி பேசுங்கள்: என்ன நன்றாக நடந்தது, எங்கே தடுமாறினோம், நம் வார்டில் எதை மாற்றி வைக்க வேண்டும். முக்கால்வாசி நேரம் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் ரொம்பச் சாதாரணமாக இருக்கும், ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட் எந்த அலமாரியில் என்று நைட் டூட்டிக்குத் தெரியவில்லை, அந்த மாதிரி.

டாக்டருக்காகக் காத்திருக்காமல் யார் ஆரம்பிப்பது என்பதும் இதில்தான் தீரும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023ல் வந்தது. ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்து அளந்தார்கள், அளவு தாண்டியதும் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், ட்ரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல் ஒரே கட்டாகச் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, அதனால் சாவது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் 60 சதவீதம் குறைந்தது. மருந்து எதுவும் புதிதில்லை. பக்கத்தில் நிற்கிறவரே உடனே ஆரம்பிக்கலாம் என்று ஆக்கியதுதான் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம்.

ரெஃபரல் போனையும், அதாவது பெரிய மருத்துவமனைக்குக் கேஸ் அனுப்பும்போது பேசுகிற போனையும், பயிற்சியில் சேருங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எங்களுக்கு வருகிற போன் இப்படி: "மேடம், ஒரு கேஸ் அனுப்புறோம், பி.பி. கொஞ்சம் அதிகமா இருக்கு." வர வேண்டியது இப்படி:

"ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். 24 வயது, இரண்டாவது பிரசவம், 38 வாரம். பி.பி. 160/110, திரும்பவும் பார்த்தாச்சு, அதேதான். தலைவலி, கண் மங்கல், யூரினில் ஆல்புமின் 2 பிளஸ். வலிப்பு வருகிற கட்டம் என்று நினைக்கிறேன். மக்னீசியம் சல்பேட் முதல் டோஸ், இரண்டு பிட்டத்திலும் தலா 5 கிராம், 4.10க்குப் போட்டாச்சு. 108 கிளம்பிவிட்டது, முக்கால் மணி நேரத்தில் வரும். டாக்டர் லேபர் வார்டில் இருக்க வேண்டும்."

நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும். இந்த நாலும் அரை நிமிடத்தில். மூன்றாவதும் நாலாவதும்தான் நம் ஆட்களுக்கு வராது, "நான் நினைக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்ல நாக்கு எழாது. இரண்டு பேர் முதுகைத் திருப்பி உட்கார்ந்து போனில் பேசுகிற மாதிரி பத்துத் தடவை சொல்லிப் பார்க்கட்டும், தன்னால் வந்துவிடும்.


சமூகமருத்துவம்_பிஜி

மேலே சொன்னதெல்லாம் நல்ல யோசனைதான், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உத்தரப் பிரதேசத்தில் பெட்டர்பர்த் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவுகள் 2017 கடைசியில் வெளிவந்தன. 120 மருத்துவ நிலையங்கள். அவற்றில் பாதி நிலையங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, எட்டு மாதம் பயிற்சியாளர்கள் நேரில் போய்ப் பக்கத்தில் நின்று வழிகாட்டினார்கள். இரண்டாம் மாதத்தில் செய்ய வேண்டியவற்றில் 72.8 சதவீதம் செய்தார்கள், பயிற்சி இல்லாத இடங்களில் 41.7 சதவீதம். பெரிய வித்தியாசம். வழிகாட்ட வந்தவர்கள் போனபிறகு, பன்னிரண்டாம் மாதத்தில் பார்த்தால் 61.7 ஆக இறங்கியிருந்தது. அதைவிட முக்கியம், தாய் சேய் இறப்பு, தாய்க்கு வரும் கடுமையான சிக்கல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில் பயிற்சி பெற்ற பக்கம் 15.1 சதவீதம், பெறாத பக்கம் 15.3. அதாவது வித்தியாசமே இல்லை.

அவ்வளவு ஆழமாகச் செய்த இடத்திலேயே இதுதான் கதை என்றால் இரண்டு நாளில் என்ன பெரிதாக மாறிவிடும்? பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காலிப் பணியிடத்தையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் ரத்த வங்கி தூரத்தையும் "உங்களுக்குத் தலைமைப் பண்பு போதவில்லை" என்று நர்சுகள் தலையில் கட்டுவதற்கு இந்த மாதிரிப் பயிற்சிகள் வசதியாகப் போய்விடுகின்றன, அதுதான் என் பயம். அதனால் மேலே கொடுக்கும் அறிக்கையில் இரண்டு பட்டியல் தனித்தனியாக இருக்கட்டும்: நாங்களே சரிசெய்யப் போவது, நீங்கள் சரிசெய்து தர வேண்டியது. இரண்டாவதில் தேதியும் பொறுப்பு அலுவலரும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

அளவீடு பற்றியும் ஒரு வார்த்தை. முன் தேர்வு, பின் தேர்வு என்று இருபது கேள்வி வைத்து "மதிப்பெண் கூடிவிட்டது" என்று எழுதுவது யாருக்கும் பயனில்லை. அதற்குப் பதில் ஒன்றிரண்டு விஷயத்தை எண்ணுங்கள். ரெஃபர் செய்த கேசுகளில் எத்தனைக்கு முன்கூட்டியே போன் போனது, ரத்தசோகைத் தாய்மாரில் எத்தனை பேருக்கு ஒரு மாதத்துக்குள் திரும்ப எச்.பி. பார்த்தார்கள். இது ரிஜிஸ்டரிலேயே இருக்கும், புது ஃபார்ம் தேவையில்லை.

டாக்டர்களைக் கூப்பிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாய் இறப்பு ஆய்வை, அதாவது ஒரு தாய் ஏன் இறந்தார் என்று கூடி ஆராய்வதை, யோசித்துப் பாருங்கள். தமிழ்நாடு அதில் நாட்டுக்கே முன்னோடி. பேர் வேண்டாம், பழி வேண்டாம் என்பதுதான் விதிமுறை. 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது இங்கே 54, அதில் இந்த ஆய்வுகளுக்கும் பங்குண்டு. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், எங்கே பழி இல்லாமல் நடந்ததோ அங்கேதான் உண்மைக் காரணம் வெளியே வந்தது, எங்கே விசாரணையாக மாறியதோ அங்கே எல்லோருடைய கேஸ் ஷீட்டும் சுத்தமாக இருந்தது. அறையில் பெரிய ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் டாக்டர்கள் கட்டாயம் வர வேண்டும், முழு நேரமும் வேண்டாம்.


மஞ்சள்_கட்டட_டீச்சர்

அங்கன்வாடியில் இருக்கிறேன், இந்தக் குழுவில் எங்கள் ஆட்கள் குறைவு என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சுகாதாரத் துறைப் பயிற்சிக்கு எங்களைக் கூப்பிடுவார்கள், கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். நர்சுகளுக்கு ஃபைல், எங்களுக்குப் போட்டோகாப்பி. பேசுகிறவர் "ஆன்ட்டிநேட்டல், போஸ்ட்நேட்டல்" என்று போய்க்கொண்டே இருப்பார், கடைசியில் "அங்கன்வாடி டீச்சர்கள் ஒத்துழைப்புத் தரணும்" என்று முடிப்பார். நாங்கள் வேறு துறை, எங்கள் அதிகாரி வேறு, எங்கள் பதிவு போனில், போஷன் டிராக்கர் என்ற செயலியில், உங்கள் கர்ப்பிணிப் பதிவு கம்ப்யூட்டரில், பிக்மியில். ஒரே பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பதிவு, எடையும் இரண்டு இடத்தில், சில நேரம் எடைகூட வேறு வேறு! ஒத்துழைப்பு எங்கிருந்து வரும்?

என் யோசனை ஒன்றுதான். பயிற்சியில் ஒரே ஊர் நர்சம்மாவையும் டீச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். துறைவாரியாக வேண்டாம், ஊர்வாரியாக. அவர் கர்ப்பிணி லிஸ்டை எடுக்கட்டும், இவர் லிஸ்டை எடுக்கட்டும், பேர் பேராக டிக் பண்ணட்டும். பொருந்தாத பேர்கள் வரும் பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. முக்கால்வாசி யார் தெரியுமா? தலைப்பிரசவக்காரிகள். வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். புகுந்த ஊர் நர்ஸ் "போயாச்சு" என்று விட்டுவிடுவார், பிறந்த ஊரில் "நம்ம கேஸ் இல்லையே" என்று எடுக்கமாட்டார்கள். ஏழாம் மாதத்திலிருந்து பிரசவம்வரை, எது ரொம்ப முக்கியமான காலமோ அந்தக் காலத்தில், அந்தப் பொண்ணு யார் கணக்கிலும் இல்லை. அங்கன்வாடியிலும் இதே நிலைமை, சத்துமாவு எந்த ஊரில் வாங்குவது என்று அவளுக்கே தெரியாது.

கிளம்புகிற தேதி எங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஊர்ப் பொம்பளைகள் எங்கள் வாசலில்தானே உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்டால் சொல்லுவோம், யாராவது கேட்க வேண்டும். சமுதாய வளைகாப்பு நாங்கள்தான் நடத்துகிறோம், அன்றைக்கு நர்சம்மா வளையல் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகாமல் ஒரு நோட்டோடு உட்கார்ந்து "பிரசவத்துக்கு எந்த ஊர், அங்கே யார் போன் நம்பர்" என்று கேட்டு எழுதினாலே பாதி தீர்ந்தது.


சமூகமருத்துவம்_பிஜி

டீச்சர் சொன்னதைத்தான் ராஜஸ்தானில் ஒரு முறையாகவே செய்தார்கள். ஆஷா (ஊர் சுகாதாரத் தொண்டர்), ஏ.என்.எம். (கிராம செவிலியர்), அங்கன்வாடி மூன்று பேரும் சேர்ந்து ஊர் வரைபடத்தைக் கையால் வரைந்து, கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஒரு நிறப் பொட்டு, எடை குறைந்த குழந்தை இருக்கிற வீட்டில் வேறு நிறப் பொட்டு என்று நெற்றிப் பொட்டையே ஒட்டுவார்கள், மூன்று பேர் பதிவேட்டையும் ஒப்பிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மூன்று ஏ சேர்வதால் ஏஏஏ என்று பெயர். நம் பக்கத்தில் ஆஷா மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள், சிஸ்டர் வட்டாரம் மலையடிவாரம் என்பதால் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மட்டுநகர்_மிட்வைஃப்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், மட்டக்களப்புப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். உங்கட பிரச்சினைகளை வாசிக்க ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் எங்களுக்குப் பிரச்சினை வேறு பக்கத்தில்.

இங்கே களத்தில் ஒரே ஆள்தான். கிட்டத்தட்ட 3000 பேர் உள்ள பகுதிக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர். கலியாணம் கட்டின சோடியைப் பதிவதிலிருந்து கர்ப்பம், பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை நிறை பார்ப்பது எல்லாம் அவர்தான். 1926ல் களுத்துறையில் தொடங்கின சுகாதாரப் பிரிவு முறை, இன்றைக்கும் அதன் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆகவே இரண்டு பதிவேடு, இரண்டு திணைக்களம் என்ற சண்டை குறைவு. மாதத்துக்கு ஒருமுறை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எல்லோரும் கூடுவோம், அங்கே ஆளாளுக்குத் தங்கட பகுதி விபரத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கட குறை என்னவென்றால் தனிமை. களத்தில் ஒரு முடிவெடுக்க நேர்ந்தால் பக்கத்தில் கேட்க ஆளில்லை. ஆகவே எங்களுக்குப் பிரயோசனமாக இருந்த பயிற்சி, மூத்த ஒருவரோடு இளைய ஒருவரைச் சோடி சேர்த்துவிட்டதுதான். பயிற்சி முடிந்த பிறகும் அந்தச் சோடி தொடர வேண்டும் என்று மேற்பார்வை மருத்துவமாது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரவு பத்து மணிக்கு "அக்கா, இந்தப் பிள்ளைக்கு மஞ்சள் கண்ணிலயும் தெரியுது, நாளைக்கு மட்டும் பொறுக்கலாமோ?" என்று கேட்க ஒரு ஆள் கிடைத்தது. அக்கா பொறுக்க வேண்டாம், இப்பவே அனுப்பு என்று சொன்னா. நீங்களும் கடைசி நாளில் சோடி சேர்த்து அனுப்பிப் பாருங்கோ, காசு செலவில்லை.


மலையடிவார சிஸ்டர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டத்தை இப்படி மாற்றிவிட்டேன். முதல் நாள் காலை ஊர்வாரியாக உட்கார்ந்து லிஸ்ட் ஒப்பிடுவது, மதியம் இழுபறி கேஸ்கள். இரண்டாம் நாள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய லேபர் ரூமிலேயே டிரில், நாலு குழுவாகப் பிரித்து, காத்திருக்கும் குழுக்கள் வெளியே ரெஃபரல் போன் பழகட்டும். டிரில் நேரத்தில் நிஜப் பிரசவம் வந்துவிட்டால் வராண்டாவில் பெஞ்சைப் போட்டுக்கொள்வோம். மேற்பார்வையாளர்கள் அமர்வு கடைசியில். பிஜி சார் சொன்ன இரண்டாவது பட்டியலை எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுவேன், முதல் வரியே ரத்தப் பரிசோதனை மெஷினுக்கு ஸ்ட்ரிப் வராததுதான்.

டீச்சர், நீங்கள் சொன்ன தாய் வீட்டு விஷயம் எங்கள் வட்டாரத்துக்கு அப்படியே பொருந்துகிறது, ஊர் பேரைச் சொல்லியிருந்தால் எங்கள் ஊர் என்றே நினைத்திருப்பேன். ஃபைல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. டாக்டரை டிரிலுக்கு மட்டும் வரச் சொல்கிறேன். வந்தால் அவர் வழக்கம்போல நடுவில் நின்று உத்தரவு போட ஆரம்பித்துவிடுவாரே, அப்புறம் நர்சுகள் எங்கே முடிவெடுப்பது?


லேபர்வார்டு_நைட்டூட்டி

அதற்கு வழி இருக்கிறது சிஸ்டர். டாக்டரைத் தாயாகப் படுக்க வைத்துவிடுங்கள். நைட்டி, யூரின் பேக் எல்லாம் அவருக்குத்தான். "மயக்கம் வருது" என்பதைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் மேடம் ஒரு தடவை படுத்தார். எழுந்ததும் முதலில் கேட்டது, "ஏம்மா, அஞ்சு பேர் என்னைச் சுத்தி நின்னீங்க, எனக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலியே?" அன்றையிலிருந்து தாயின் தலைமாட்டில் ஒரு ஆள் நிற்பது எங்கள் வார்டில் வழக்கமாகிவிட்டது.

ஆண் டாக்டர் என்றால் நைட்டிக்குப் பதில் லுங்கி போதும். சிவப்புக் கலரை நிறையக் கரைக்காதீர்கள், டைல்ஸில் கறை போகாது, துடைக்கிற அக்கா உங்களைச் சும்மா விடமாட்டார்.


பழைய சி.எச்.என். (ஓய்வு)

லுங்கி போட்ட டாக்டரைப் பார்க்கவாவது நான் வருகிறேன். வியாழனா வெள்ளியா, தேதியைச் சொல்லுங்கள் சிஸ்டர். பயணப்படி எல்லாம் வேண்டாம், மத்தியானச் சாப்பாடு போதும்.